நோய் பார்த்து வாங்குவது: ஜூனோவா, பாலிசிக்ஸா, பிராஃபெட்டா, எதுவும் வேண்டாமா?

பழைய அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கும் கீபோர்டு, வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ராத்திரி உட்கார்ந்து வீடியோ வீடியோவாகக் கேட்டு, எதன் நாதம் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். அந்த முடிவு தவறாக இருக்காது. 1978-க்கும் 1984-க்கும் நடுவில் வந்த நல்ல கருவிகள் எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆகவே நாதத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை.

நாற்பது வயது தாண்டிய பெட்டி கட்டாயம் பழுதாகும். எந்த இடத்தில் பழுதாகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அந்தப் பழுதை நாமே கண்டுபிடிக்க முடியுமா, அதற்கு மாற்று உதிரி இன்று கிடைக்கிறதா, பழுதுபார்த்த பிறகு கருவி நிலையாக இருக்குமா என்று கேட்டுத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பல சுரங்களை ஒன்றாக வாசிக்கக்கூடிய, சாதாரண மனிதர்கள் இன்றும் தேடிப் பிடிக்கக்கூடிய மூன்று கருவிகளை இப்படி வைத்துப் பார்க்கலாம்: ரோலண்ட் ஜூனோ-106, கோர்க் பாலிசிக்ஸ், சீக்வென்ஷியல் பிராஃபெட்-5. அப்புறம், பழையதே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது.

சுருதி ஏன் நிற்பதில்லை

மூன்றையும் ஒப்பிடும் முன் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் "மக்கர் செய்கிறது" என்று சொல்லப்படுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பழைய சிந்தசைசர்களில் ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் மின்னழுத்தத்தால் இயங்குவது, சுருக்கமாக விசிஓ. இதில் பெரும்பாலானவை ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்தக் கணக்கைச் செய்து தருவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரின் குணமோ வெப்பத்தோடு மாறுவது. எந்த ஈடுகட்டலும் இல்லாவிட்டால் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது சுமார் 0.33 சதவீதம் பிசகும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 4 சென்ட் ஆகிறது. அறை ஐந்து டிகிரி சூடானால் ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கும் சுரம் 20 சென்ட் விலகி நிற்கும். தம்புராவோடு பழகிய காதுக்கு அது நன்றாகவே உறுத்தும். இதைச் சமாளிக்க வெப்பத்துக்கேற்ப மாறும் தனி ரெசிஸ்டர் போன்ற ஏற்பாடுகளைச் செய்தார்கள். அவையும் முழுதாகச் சரிக்கட்டுவதில்லை. சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட்டுப் பிறகு வாசிக்கும் பழக்கம் இப்படி வந்ததுதான்.

டிசிஓ என்பது இதற்கு மாற்று. அலையின் வடிவம் இதிலும் அனலாக்தான். ஆனால் அலை எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் படிகக் கடிகாரத்தின் துடிப்பை எண்ணி டிஜிட்டல் சர்க்யூட் சொல்லும். அதனால் சுருதி அசையாது. சித்திரை வெயிலிலும் சரி, ஏசி அறையிலும் சரி, போட்ட உடனே வாசிக்கலாம். அசையாத சுருதியில் உயிர் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த உயிருக்கு யார் பராமரிப்புச் செலவு செய்வது என்றும் பார்க்க வேண்டும்.

ஜூனோ-106

1984-இல் வந்தது. ஆறு குரல் (ஒரே சமயத்தில் ஆறு சுரம்), 61 கட்டை, 128 ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம், மற்ற கருவிகளோடும் கம்ப்யூட்டரோடும் இணைக்க மிடி. ஒரு குரலுக்கு ஒரே ஒரு டிசிஓ. அது மெலிசாகத்தான் ஒலிக்க வேண்டும். ஆனால் கடைசியில் உட்கார்ந்திருக்கும் கோரஸ் சர்க்யூட் அதை அகலமாக்கி, பளபளப்பாக்கி, ஜூனோ என்றால் எல்லோருக்கும் நினைவு வருகிற அந்த ஒலியாக மாற்றிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் முன்பக்கத்தில் ஒரு ஸ்லைடர். மெனு கிடையாது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பலகை எனக்குத் தெரியாது.

இதன் நோய் உலகப் பிரசித்தம். ஒவ்வொரு குரலின் ஃபில்டரும் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) ஒலியளவுக் கட்டுப்பாடும் 80017ஏ என்கிற ஒரு சிறு தொகுப்புச் சிப்புக்குள் இருக்கின்றன. மொத்தம் ஆறு. அதன் மேல் கறுப்பாக ஒரு பிசின் பூச்சைப் பூசினார்கள். பாகங்களைப் பாதுகாக்க வேண்டிய அந்தப் பூச்சு, வருஷங்கள் போகப் போகத் தானே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. முதலில் ஒரு குரலில் மட்டும் லேசான கரகரப்பு. பிறகு அந்தக் குரலின் ஒலியளவு குறையும், அல்லது கட்டையை விட்ட பிறகும் சுரம் நிற்காமல் முனகிக்கொண்டிருக்கும். கடைசியில் மௌனம். ஒரு சிப் போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம், ஏனென்றால் ஆறுக்கும் ஒரே வயது, ஒரே பூச்சு.

கேட்க பயமாக இருக்கிறதா? எனக்கு இதுதான் ஜூனோவின் மிகப் பெரிய பலமாகப் படுகிறது. பழுது எங்கே என்று கருவியே சொல்லிவிடுகிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் சோதனை நிலைக்குப் போகும். பிறகு ஒவ்வொரு கட்டையையும் தொடத் தொட, அதை எந்தக் குரல் வாசிக்கிறது என்று திரையில் எண் தெரியும். மூன்று வரும்போது மட்டும் சத்தம் இல்லையென்றால், மூன்றாவது சிப். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கூட இந்த அளவுக்கு நோயறிய முடிகிற கருவி அந்தக் காலத்தில் அரிது.

மருந்துக்கு இரண்டு வழி. ஒன்று, சிப்பைப் போர்டிலிருந்து எடுத்து அசிட்டோனில் ஊறப்போட்டு, இளகிய பூச்சை மெதுவாக உரித்தெடுப்பது. செலவு கிட்டத்தட்ட இல்லை. பல சிப்கள் பிழைத்துக்கொள்கின்றன, சில பிழைப்பதில்லை. உரிக்கும்போது அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகம் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். இரண்டாவது, அதே கால் அமைப்பில் இன்று புதிதாகச் செய்து விற்கும் மாற்று சிப்களை வாங்கிப் போடுவது. ஆறையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டால் இந்தக் கதை முடிந்தது. எந்த வழியானாலும் பிறகு ஒவ்வொரு குரலுக்கும் ஃபில்டர், ஒலியளவு டிரிம்மர்கள் என்கிற சிறு திருகுகளைத் திருகி ஆறையும் சமன்செய்ய வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் சரி. அசிட்டோன் வழி, கையில் காசு இல்லாமல் நேரம் மட்டும் இருப்பவருக்கு.

அலைகளைத் தயாரிக்கும் எம்சி5534ஏ சிப்களிலும் இதே பூச்சு உண்டு. அவை அவ்வளவு அடிக்கடி போவதில்லை. ஒலிகளை நினைவில் வைக்கும் சிஆர்2032 பேட்டரி போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு பேட்டரி ஹோல்டரைப் போட்டால் அடுத்த தடவை ஈயமே வைக்க வேண்டாம். மாற்றும் முன் உள்ளே இருக்கும் ஒலிகளைப் பின்பக்க டேப் வழியில் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் கேசட்டில் பதிவார்கள். இன்று கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தாலும் அதே கீச்சுச் சத்தம்தான்.

இதன் அண்ணன் ஜூனோ-60 (1982) பற்றிக் கேட்பார்கள். அதில் பூச்சுப் பூசிய தொகுப்புச் சிப் இல்லை, ஃபில்டர் தனிச் சிப்களாகவே இருக்கிறது. அதனால் 106-இன் அந்தப் பரம்பரை வியாதி இல்லை. பிடித்த கட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக வாசிக்கும் அர்பெஜியேட்டரும் உண்டு. மிடி கிடையாது, நினைவகம் 56 ஒலிகளுக்குத்தான். விலை மட்டும் ஒத்துவந்தால் நான் 60-ஐத்தான் எடுப்பேன். விலை ஒத்துவருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

பாலிசிக்ஸ்

1981-இல் கோர்க் இதை வெளியிட்டபோது, பிராஃபெட் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஆறு குரல், நினைவகத்தோடு கிடைத்தது. குரலுக்கு ஒரு விசிஓ, எஸ்எஸ்எம்2044 ஃபில்டர், 32 ஒலி நினைவகம், கடைசியில் கோரஸ், ஃபேஸ், என்செம்பிள் என்று மூன்று சுவை. அந்த என்செம்பிளைப் போட்டு வயலின் கூட்டம் போல ஒலிக்க விட்டால் ஜூனோ கொஞ்சம் பொம்மை மாதிரித் தோன்றும். நாதத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால், கொடுக்கிற காசுக்கு நான் பாலிசிக்ஸைத்தான் முதலில் வைப்பேன்.

ஆனால் நோய்? கேஎல்எம்-367 என்கிற பிராசசர் போர்டின் மேலேயே, ஒலிகளை நினைவில் வைக்க ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருக்கிறார்கள். அது கசியும். கசிவதா இல்லையா என்ற கேள்வியே இல்லை, எப்போது என்பதுதான். காரத்தன்மை உள்ள அந்தத் திரவம் செம்புத் தடங்களை அரித்து, பச்சை பூசணம் போலப் படர்ந்து, பூச்சுக்கு அடியிலும் புகுந்துகொள்ளும். அந்த போர்டுதான் கட்டைகளையும் பொத்தான்களையும் குரல்களையும் ஆள்கிறது. அதனால் பழுது ஒரு ரூபத்தில் வராது. ஒரு நாள் ஒரு பொத்தான் கேட்காது, மறுநாள் அது கேட்கும், வேறொன்று கேட்காது. ஒலிகள் தானாக மாறும். ஜூனோ "மூன்றாவது சிப்" என்று விரல் நீட்டிச் சொல்லும். பாலிசிக்ஸ் அப்படி எதுவும் சொல்லாது.

பேட்டரி கசியும் முன்பே யாராவது வெட்டி எடுத்து, போர்டைச் சுத்தம் செய்து, தள்ளி வேறு இடத்தில் லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் இது அருமையான கருவி. (லித்தியம் வைக்கும்போது பழைய சார்ஜ் சர்க்யூட்டைக் கட்டாயம் துண்டிக்க வேண்டும். சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கலாம்.) கசிந்து லேசாகப் பரவியிருந்தால் வினிகர் போன்ற மென்மையான அமிலத்தால் காரத்தைச் சமன்செய்து, கழுவி, அரித்துப்போன தடங்களை மெல்லிய கம்பியால் ஒட்டுப்போடலாம். முழுதும் போயிருந்தால் அந்த போர்டுக்கு மாற்றாகவே புதிதாகச் செய்து தருகிற போர்டுகள் கிடைக்கின்றன. ஆக மருந்து இருக்கிறது. ஆனால் விற்பவர் மூடியைத் திறந்து 367-ஐக் காட்டாமல் பாலிசிக்ஸ் வாங்குவது சூதாட்டம்.

அப்புறம் சுருதி. ஆறு விசிஓ, ஆறுக்கும் கையால் சரிபார்க்க வேண்டிய டிரிம்மர்கள். இதில் தானியங்கி டியூனிங் கிடையாது. மார்கழியில் சரிசெய்து வைத்ததைப் பங்குனியில் மறுபடி திருக வேண்டியிருக்கும்.

பிராஃபெட்-5

சீக்வென்ஷியலைத் தொடங்கிய டேவ் ஸ்மித், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், 1978-இல் கொண்டுவந்தது. முன்பக்கத்தில் திருகிய எல்லாவற்றையும் மைக்ரோபிராசசர் நினைவில் வைத்து, பொத்தானைத் தொட்டதும் திருப்பித் தரும் முதல் பாலிஃபோனிக் சிந்தசைசர்களில் முக்கியமானது. ஐந்து குரல், குரலுக்கு இரண்டு விசிஓ, மொத்தம் பத்து. 1984 வரை சுமார் 6000 கருவிகள் செய்தார்கள். ரெவ் என்றால் திருத்திய பதிப்பு. ரெவ் 1, ரெவ் 2 இரண்டிலும் எஸ்எஸ்எம் நிறுவனத்தின் சிப்கள். 1980-இல் தொடங்கிய ரெவ் 3-இல் கர்ட்டிஸ் நிறுவனத்தின் சிப்கள். ரெவ் 1 கையால் செய்த சிறு தொகுதி, தயாரிப்பாளரே பழுதுபார்க்கச் சலித்துக்கொண்ட ரகம். அதை அருங்காட்சியகத்துக்கு விட்டுவிடலாம். ரெவ் 2-இன் சுவை தனி என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. உண்மையில் வாசித்து வாழ ரெவ் 3-தான்.

இதில் டியூன் பொத்தானை அழுத்தினால் பிராசசர் பத்து ஆஸிலேட்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து, விலகலைக் கணக்கிட்டு, சரிக்கட்டிக்கொள்ளும். கர்ட்டிஸ் ஆஸிலேட்டர் சிப்பிலேயே வெப்ப ஈடுகட்டலும் உள்ளே இருக்கிறது. எனவே "பிராஃபெட் சுருதி நிற்காது" என்கிற பழைய புகார் ரெவ் 3-க்குப் பெரும்பாலும் பொருந்தாது. சிப்களும் பயப்படும் நிலையில் இல்லை: சிஇஎம்3340 என்கிற அந்த ஆஸிலேட்டர் சிப்பைக் கர்ட்டிஸ் நிறுவனமே 2016-இல் மறுபடி தயாரித்தது, லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனமும் அதற்கு இணையானதைச் செய்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? எண்ணிக்கையில். பத்து ஆஸிலேட்டர், ஐந்து ஃபில்டர், சுரம் எழுந்து அடங்குவதை வடிவமைக்கும் என்வலப் பத்து, அவற்றைச் சுற்றி டிரிம்மர் கூட்டம், பழைய கட்டைகளின் கம்பித் தொடுப்புகள், கனெக்டர்கள். எதுவும் ஒரே நோயாக வராது. ஒவ்வொன்றாக, மாதத்துக்கொன்றாக வரும். முழு அளவீடு செய்ய, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பும், சர்வீஸ் மேனுவலைப் பொறுமையாகப் படிக்கிற ஆளும் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வார்களே, அது இதற்குத்தான் பொருந்தும். (இதைவிட மோசம் மெமரிமூக். ஆறு குரல், குரலுக்கு மூன்று விசிஓ, ஆகப் பதினெட்டு. அதைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.)

பிராஃபெட்டுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. 2020-இல் டேவ் ஸ்மித்தே ரெவ் 4-ஐ வெளியிட்டார். இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு. உண்மையான விசிஓ, உண்மையான அனலாக் ஃபில்டர். ஒரு சுவிட்சைத் தட்டினால் ரெவ் 1, 2-இன் ஃபில்டர் வழி, மறுபடி தட்டினால் ரெவ் 3-இன் கர்ட்டிஸ் வழி. விண்டேஜ் என்றொரு திருகு. அதைத் திருப்பத் திருப்பக் குரல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பழைய கருவியின் கோளாறை வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம்! வெளிவந்தபோது விலை 3,499 டாலர். நல்ல நிலையில் உள்ள ரெவ் 3-க்கு அதைவிட அதிகம் கேட்கிறார்கள். பிராஃபெட்டின் ஒலிதான் வேண்டும் என்றால் பழையதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சேகரிப்பாளர் என்றால் அது வேறு கணக்கு.

புதியதும் மென்பொருளும்

ஜூனோவுக்கு ரெவ் 4 போல ஒன்று இல்லை. ரோலண்டின் ஜேயு-06, ஜேயு-06ஏ இரண்டும் உள்ளே டிஜிட்டல், நான்கு குரல்தான். பெரிங்கரின் டீப்மைண்ட் 12 அனலாக், டிசிஓ, பன்னிரண்டு குரல். ஜூனோவின் சாயல் தெரியும், ஆனால் வசதிகள் பெருகி மெனுவுக்குள் போய்விட்டது. மென்பொருளில் டால் யு-நோ-எல்எக்ஸ் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்குள் மற்ற வாத்தியங்களோடு கலந்தபின் அசலையும் அதையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.

வாரத்துக்கு ஒரு பாட்டு முடித்துக் கொடுக்க வேண்டிய ஆள் மென்பொருளோடு நிறுத்திக்கொள்ளலாம். தயாரிப்பாளர் காத்திருக்கும்போது நான்காவது குரல் முனகத் தொடங்குவதை ரசிக்க முடியாது.

ஆனால் புதியது என்றால் கவலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இன்றைய போர்டுகள் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டிய நுண்பாகங்களால் ஆனவை. உத்தரவாதம் முடிந்தபின் போர்டையே மாற்றுவார்கள், போர்டு கிடைக்கிற வரை. 1984-இன் ஜூனோவில் பாகங்களின் கால்கள் ஓட்டை வழியே வந்து மறுபக்கம் ஈயத்தில் நிற்கின்றன. சாதாரண சால்டரிங் இரும்பும் ஈயம் உறிஞ்சியும் போதும். நிதானம் வேண்டும், அவ்வளவுதான். சூடு அதிகமானால் பழைய போர்டில் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் கருவி 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவிலிருந்து வருவது 120-ஐ ஒட்டியது. நம் 230-இல் நேராகச் செருகினால் டிரான்ஸ்பார்மரோ, அதற்குப் பின்னால் இருப்பவையோ போய்விடும். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் 110 வோல்ட் தரும். ஜப்பான் கருவிக்கு அது பத்து சதவீதம் அதிகம். உள்ளே ரெகுலேட்டர்கள் அநாவசியமாகச் சூடாகும். 100 வோல்ட் தருகிற மாதிரி கேட்டுச் சுற்றச் சொல்லி வாங்குவது நல்லது. பின்பக்கத்து லேபிளைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

கடலோர ஊர்களில் ஈரமும் உப்பும் ஸ்லைடர்களைத்தான் முதலில் பிடிக்கும். துணியால் மூடி வையுங்கள், ஆனால் வாரம் ஒருமுறையாவது ஓட விடுங்கள். ஸ்லைடர் கரகரத்தால் மின்தொடுப்புகளுக்கென்றே விற்கும் கிளீனரை உபயோகியுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், அது எண்ணெயை விட்டுவிட்டுப் போய்த் தூசியைச் சேர்க்கும். எந்தப் பழுதானாலும் முதலில் பவர் சப்ளையின் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். ஜூனோவில் +15, -15, +5. அவை பிசகியிருந்தால் மற்ற எதைத் திருகினாலும் வீண். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருந்தால் மாற்றலாம். பெட்டியில் உள்ள எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றியே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்களிடமிருந்து கருவியைக் காப்பாற்றுங்கள். நன்றாக இருந்த இடத்தில் புதுப் பழுதை வைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

பழுதுபார்க்கும் ஆள் விஷயம் இருக்கிறது. சிந்தசைசர் என்றே பெயர்ப் பலகை வைத்த ஆளைத் தேடினால் ஊரில் கிடைக்க மாட்டார். பழைய ஆம்ப்ளிஃபையர், டிவி பார்த்த கைகள் இருக்கின்றன. அவர்களிடம் சர்வீஸ் மேனுவலையும், எந்தக் குரல் பழுது என்ற குறிப்பையும் கொடுத்தால் ஜூனோவின் ஆறு சிப்களை மாற்றித் தந்துவிடுவார்கள். பாலிசிக்ஸின் 367 போர்டில் ஒட்டுப்போடுவதும் அவர்களால் முடியும், நேரம் கொடுத்தால். பிராஃபெட்டின் முழு அளவீட்டை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

எனவே என் வரிசை இது. பிராஃபெட் ஒலிதான் வேண்டும், காசும் உண்டு என்றால் ரெவ் 4. ஈயம் வைக்கத் தெரியும், நோண்டுவதில் சந்தோஷம் என்றால், 367 போர்டை நேரில் பார்த்தபின் பாலிசிக்ஸ். வேலைக்கு மட்டும் என்றால் மென்பொருள். மற்ற எல்லோருக்கும், ஆறு சிப்களும் ஏற்கெனவே மாற்றப்பட்ட ஜூனோ-106. சிப் மாற்றாத 106 "எல்லாம் நன்றாக வேலை செய்கிறது" என்று குறைந்த விலைக்கு வந்தாலும், மாற்றியதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது லாபம். மாற்றாததில் அந்தச் செலவு தள்ளிப் போயிருக்கிறது, தவிர்க்கப்படவில்லை.

வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள்: சோதனை நிலையில் ஆறு எண்ணும் வரிசையாக ஒலிக்கிற ஒரு வீடியோ, மூடியைத் திறந்து குரல் போர்டைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம். அசல் 80017ஏ கறுப்புப் பூச்சோடு இருக்கும். மாற்றுச் சிப்பில் சிறு பலகையில் பாகங்கள் வெளியே தெரியும். மூடியில் சில திருகுகள்தான், கழற்றப் பத்து நிமிஷம் போதும். அதற்கும் சாக்குச் சொல்கிறவரிடம் நான் விலை பேசுவதில்லை.